வருஷம் வீணாப் போயிருமா?

போன வாரம் ஈரோட்டிலிருந்து மாமா போன் பண்ணினார். "மாப்ள, அம்மிணி எம்.பி.பி.எஸ். மூணாவது வருஷம். நடுவுல ஒரு வருஷம் நிறுத்திட்டு, ஆராய்ச்சி கத்துக்க இன்னொரு டிகிரி படிக்கறேங்கறா. வருஷம் வீணாப் போயிருமல்லோ? நீயாச்சும் புத்தி சொல்லு."

புத்தி சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் வரலாறு படித்தேன்.

சென்னை மருத்துவக் கல்லூரி 1835-ல் ஒரு பள்ளியாகத்தான் தொடங்கியது. கம்பெனி காலம். டாக்டர்களுக்கு உதவியாக மருந்து கொடுக்கவும் கட்டுப் போடவும் ஆள் வேண்டும், அதற்கான பயிற்சி. 1850-ல் அது கல்லூரி ஆனது. ஆனா, என் பார்வையில், அந்த அவசரம் மட்டும் போகவே இல்லை. இன்றைக்கும் நாலரை வருஷம் படிப்பு, ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப். நடுவில் இன்னொரு பட்டத்துக்கு இடமில்லை.

பிரிட்டனில் அந்த இடம் உண்டு. பல மருத்துவ மாணவர்கள் நடுவில் ஒரு வருஷம் ஆராய்ச்சி சார்ந்த தனிப் பட்டம் படிக்கிறார்கள். 'இன்டர்கலேட்டட் டிகிரி' என்று பெயர். கேம்பிரிட்ஜில் அது வழக்கமான படிப்பிலேயே ஒரு பகுதி.

இங்கே என்ன செய்தார்கள்? வி.எஸ். ராமச்சந்திரனைப் பாருங்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படித்தவர். இரண்டு கண்களும் பார்ப்பதை மூளை எப்படி ஒரே காட்சியாக்குகிறது என்பது அவர் கேள்வி. 1972-ல், மாணவராக இருக்கும்போதே, அவர் கட்டுரை 'நேச்சர்' இதழில் வந்தது. அதற்காக யாரும் அவருக்கு ஒரு வருஷம் ஒதுக்கித் தரவில்லை. பிறகு கேம்பிரிட்ஜ் போய் பி.எச்டி. வாங்கினார். 1990-களில், கை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் வரும் வலியை ஒரு சாதாரணக் கண்ணாடியை வைத்துக் குறைக்க முடியும் என்று காட்டினார். இருக்கிற கையின் பிம்பம், இல்லாத கை மாதிரி தெரியும். கண்ணுக்கும் மூளைக்கும் நடுவில் என்ன நடக்குது என்ற அதே பழைய கேள்விதான்.

மாமாவிடம் சொன்னேன்: "வருஷம் வீணாகாதுங்க மாமா. ஆனா இங்க அந்த வருஷத்தைத் தர வழியில்லை. ஐ.சி.எம்.ஆர். 1979-லிருந்து மருத்துவ மாணவர்களுக்கு ரெண்டு மாச ஆராய்ச்சித் திட்டம் ஒண்ணு நடத்துது. முதல்ல அதுக்கு விண்ணப்பிக்கட்டும்."

"ரெண்டு மாசம்னா சரி" என்றார்.

அம்மிணி போனை வாங்கிக் கேட்டாள்: "மச்சான், மீதி பத்து மாசம்?"