பூஞ்சணம் பிடித்த கித்தான் தார்ப்பாயைச் சுத்தம் செய்வது எப்படி?

குறுவை அறுவடையில் மழையில் நனைந்த தார்ப்பாயை அவசரமாகச் சுருட்டிக் கொட்டகை மூலையில் போட்டிருப்பீர்கள். தை மாதம் சம்பா அறுவடைக்கு எடுத்து விரித்தால் கறுப்பும் பச்சையுமாகப் புள்ளிகள், கூடவே புழுங்கிய வாடை. அதை அப்படியே உதறி நெல்லின் மேல் போர்த்தக்கூடாது. கையில் கிடைத்த மருந்தை ஊற்றித் தேய்க்கவும் கூடாது. துணி இற்றுப் போகாமலும், அதன் மேல் எழுதிய பெயின்ட் உரியாமலும், விளைபொருளுக்குக் கெடுதல் வராமலும் பூஞ்சணத்தைப் போக்கும் வழியைப் பார்ப்போம்.

ஏன் பூஞ்சணம் பிடிக்கிறது?

கித்தான் பருத்தி நூலால் நெய்தது. பருத்தியில் உள்ள செல்லுலோஸ்தான் பூஞ்சணத்துக்கு உணவு. ஈரமும் காற்றோட்டம் இல்லாத மடிப்பும் சேர்ந்தால் சில நாட்களிலேயே அது வளரத் தொடங்கும். நீல நிறப் பிளாஸ்டிக் தார்ப்பாயைப் பூஞ்சணம் தின்னாது. ஆனால் அதில் ஒட்டியிருக்கும் தவிடு, தூசி, கடலைத் தோல் ஆகியவற்றில் வளரும். அதனால் பிளாஸ்டிக் தார்ப்பாயையும் கழுவிக் காயவைத்தே மடிக்க வேண்டும்.

விளைபொருளுக்கு என்ன ஆபத்து?

முதல் ஆபத்து ஈரம். ஈரத் தார்ப்பாயின் அடியில் இருக்கும் நெல் அந்த ஈரத்தை வாங்கிக்கொள்ளும். நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் ஈரப்பதத்துக்கு வழக்கமான வரம்பு 17 சதவீதம். களத்தில் பாடுபட்டு உலர்த்திய நெல் ஓர் இரவில் அந்த வரம்பைத் தாண்டிவிடலாம்.

இரண்டாவது ஆபத்து பூஞ்சண வித்துகள். துணியில் வளரும் எல்லாப் பூஞ்சணமும் நஞ்சு உண்டாக்குவதில்லை. ஆனால் எது நஞ்சுள்ளது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நிலக்கடலை, மக்காச்சோளம் போன்றவற்றில் வளரும் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சணம் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. 1960-ல் இங்கிலாந்தில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்தன. அவற்றுக்குத் தீவனமாகப் போட்ட கடலைப் புண்ணாக்கில் இருந்த இந்த நஞ்சே காரணம் என்று பின்னர் தெரியவந்தது. வெயிலில் காயவைத்தாலும், வீட்டில் வேகவைத்தாலும் இந்த நஞ்சு முழுதாகப் போகாது. மாட்டுத் தீவனத்தில் கலந்தால் பாலிலும் வரும். ஆகவே பூஞ்சண வாடை உள்ள தார்ப்பாயைக் கடலை, சோளம், வைக்கோல் எதன் மேலும் போடாதீர்கள்.

முதலில் துணியைச் சோதியுங்கள்

கறை அதிகமாக உள்ள இடத்தை இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்துப் பாருங்கள். துணி கிழிந்தாலோ, நூல் பொடியாக உதிர்ந்தாலோ அது இற்றுவிட்டது என்று பொருள். அதைச் சுத்தம் செய்வதில் பயனில்லை. எருக்குழியை மூடப் பயன்படுத்துங்கள். துணி உறுதியாக இருந்தால் மேலே செல்லலாம்.

சுத்தம் செய்யும் முறை

1. தார்ப்பாயை வீட்டுக்கும் களத்துக்கும் தள்ளி, திறந்த வெளியில் கயிற்றிலோ மூங்கிலிலோ போட்டு நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தோடு தேய்த்தால் பூஞ்சணம் நூலுக்குள் அப்பிக்கொள்ளும்.

2. முகக்கவசம் அணிந்து, காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று, பூந்துடைப்பம் அல்லது மென்மையான பிரஷ்ஷால் இரு பக்கமும் தட்டிவிடுங்கள். பூஞ்சணத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். இளைப்பு, ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் அருகில் இருக்க வேண்டாம்.

3. வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சம அளவு கலந்து, புள்ளிகள் உள்ள இடத்தில் தெளித்து அரை மணி நேரம் விடுங்கள். பிறகு அதே பிரஷ்ஷால் மெதுவாகத் தேயுங்கள். மடிப்புத் தையலையும் ஓரங்களையும் விடாதீர்கள். பூஞ்சணம் முதலில் குடியேறுவது அங்கேதான்.

4. குளிர்ந்த நல்ல தண்ணீரால் 2, 3 முறை அலசுங்கள். வினிகர் தங்கினால் நாளடைவில் பருத்தி நூலும், கயிறு கோக்கும் பித்தளை வளையமும் கெடும். வெந்நீர் ஊற்றினால் துணியில் உள்ள மெழுகுப் பூச்சு இளகிவிடும்.

5. இரு பக்கமும் மாற்றிப் போட்டு 2 அல்லது 3 நாள் வெயிலில் உலர்த்துங்கள். மற்ற இடம் காய்ந்த பிறகும் தையலில் ஈரம் இருக்கும். அங்கே விரலால் அழுத்திப் பார்த்த பிறகே எடுங்கள்.

வாடை போன பிறகும் கறுப்புக் கறை நிற்கலாம். அது செத்த பூஞ்சணத்தின் சாயம். கறையைப் போக்க வேண்டும் என்று மறுபடி மறுபடி தேய்த்தால் துணிதான் நைந்துபோகும். வாடை மீண்டும் வருகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

பெயின்ட் உள்ள இடங்களில்

அடையாளத்துக்காகப் பெயரும் ஊரும் எழுதுவதும், ஒழுகும் இடத்தில் பெயின்ட் பூசி அடைப்பதும் வழக்கம். பெயின்ட் பூசிய பக்கம் மூச்சுவிடாது. அதனால் அதன் பின்பக்கத்தில் ஈரம் தங்கிப் பூஞ்சணம் அதிகம் பிடிக்கும். மடிப்பில் பெயின்ட் வெடித்த கீற்றுகளிலும் புகுந்துகொள்ளும்.

இங்கே முதலில் ஓரமாக ஒரு எழுத்தில் மட்டும் வினிகர் கலவையைத் தொட்டு, ஈரத்துணியால் ஒற்றிப் பாருங்கள். நிறம் துணியில் ஒட்டவில்லை என்றால் மற்ற இடத்திலும் செய்யலாம். தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பின்பக்கத்தைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். மண்ணெண்ணெய், தின்னர் தொடவே கூடாது.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயத்தை 90 பிபிஎம் அளவுக்குக் கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. உரியும் பெயின்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். பெயின்ட் உள்ள பக்கம் எப்போதும் மேலே இருக்கட்டும், தானியத்தில் படக்கூடாது.

செய்யக்கூடாதவை

• பிளீச்சிங் பவுடர் கரைசல் பருத்தி நூலை இற்றுப்போகச் செய்யும், பெயின்டையும் வெளுக்கும். அதை வினிகருடன் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். அது உயிருக்கே ஆபத்து. இரண்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள்.

• கார்பன்டாசிம் போன்ற பயிர் மருந்தைத் தார்ப்பாயில் அடிக்காதீர்கள். அதன் எச்சம் தானியத்துக்கு வந்துசேரும்.

• சலவைத்தூள், சலவை சோடா வேண்டாம். தண்ணீர் புகாமல் காக்கும் பூச்சை அவை எடுத்துவிடும்.

• உப்புத் தண்ணீர் வேண்டாம். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் துணியை எப்போதும் பிசுபிசுப்பாக வைக்கும்.

மீண்டும் தண்ணீர் ஒட்டாமல் இருக்க

காய்ந்த துணியில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். முத்து முத்தாக நின்றால் பூச்சு நன்றாக உள்ளது. உறிஞ்சிக்கொண்டால் அந்த இடத்துக்கு மட்டும் ஒரு பழைய, செலவில்லாத முறை உண்டு. 1 லிட்டர் வெந்நீரில் 100 கிராம் சலவை பார் சோப்பைச் சீவிக் கரைத்து, ஆறியதும் பிரஷ்ஷால் பூசுங்கள். முக்கால்வாசி காய்ந்த பிறகு, 1 லிட்டர் தண்ணீரில் 50 கிராம் படிகாரம் கரைத்து அதன் மேல் பூசுங்கள். சோப்பும் படிகாரமும் சேர்ந்து நீரில் கரையாத மெல்லிய படிவாக நூலில் தங்கும். சலவைத்தூளில் இந்தப் படிவு உண்டாகாது. பூச்சு தேயத் தேயத் திரும்பவும் செய்துகொள்ளலாம்.

இருப்பு வைக்கும்போது

ஈரத் தார்ப்பாயை ஓர் இரவு கூடச் சுருட்டி வைக்காதீர்கள். வெயில் இல்லாவிட்டால் கொட்டகைக்குள் கயிறு கட்டி விரித்துப் போடுங்கள். நன்றாகக் காய்ந்த பின் மடிக்காமல் சுருட்டி, சிமென்ட் தரையில் படாமல் மரப்பலகை மேல் வையுங்கள். யூரியா மூட்டைக்கு அருகில் வேண்டாம், யூரியா ஈரம் இழுக்கும். உள்ளே பச்சை வேப்பிலை வைப்பதும் ஈரத்தைக் கூட்டவே செய்யும்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்டு வெயில் அடிக்கும் நாளில் ஒருமுறை எடுத்து விரித்துக் காற்றாட விடுங்கள். அறுவடை நாளன்று பூஞ்சணத்தோடு போராட வேண்டியிருக்காது.