பத்திரக் கடனும் பட்டறைப் பாக்கியும்



கந்துவட்டித் தடைச் சட்டம் என்று நாம் அழைக்கும் 2003ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தில் தெருப்பேச்சின் சொற்களே சட்டச் சொற்களாக இடம்பெற்றுள்ளன. நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என ஒவ்வொன்றுக்கும் அதில் விளக்கம் உண்டு. ஆயினும் குமாரபாளையம், பள்ளிபாளையம் தறிப்பட்டறைகளில் அன்றாடம் புழங்கும் ஒரு சொல் அப்பட்டியலில் இல்லை. அது ‘பாக்கி’. அது ஏன் விடுபட்டது என்பதை அறிய இவ்வட்டாரத்தின் கடன் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் அன்றைய சேலம் ஜில்லாவைக் கடுமையாகத் தாக்கியது. 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 19 இலட்சத்தைத் தாண்டியிருந்த ஜில்லாவின் மக்கள்தொகை, 1881இல் ஏறத்தாழ 16 இலட்சமாகக் குறைந்திருந்தது. பிழைத்திருந்த குடியானவர்கள் விதைக்கும் மாட்டுக்கும் தீர்வைக்கும் கடன் வாங்கித்தான் மறுபடியும் ஏர் பூட்டினர். 1890களில் விவசாய வங்கிகள் பற்றி ஆராய்ந்த பிரடெரிக் நிக்கல்சன், சென்னை மாகாணத்தின் கிராமக் கடனை 45 கோடி ரூபாய் என மதிப்பிட்டார். 1930இல் மாகாண வங்கி விசாரணைக் குழு அதனை 150 கோடி என்றது. இடையில் 1904ஆம் ஆண்டின் சட்டத்தால் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றியிருந்தும், கடன் மூன்று மடங்குக்கு மேல் வளர்ந்திருந்தது. அதன்பின் உலகப் பொருளாதார மந்தத்தால் விளைபொருள்களின் விலை சரிந்தது. பத்திரத்தில் எழுதிய வட்டியோ சரியவில்லை.

இந்நிலையில்தான் 1937இல் இராஜாஜி மாகாணப் பிரதமரானார். அன்று சேலம் ஜில்லாவுக்கு உட்பட்டிருந்த தொரப்பள்ளியில் பிறந்து, சேலத்தில் வக்கீல் தொழில் நடத்தி, 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர் அவர். திருச்செங்கோட்டுக்கு அருகில் புதுப்பாளையத்தில் 1925இல் காந்தி ஆசிரமத்தை நிறுவி, குடியாலும் கடனாலும் குடும்பங்கள் சிதைவதை அருகிலிருந்து கண்டவர். மாகாணத்திலேயே முதன்முதலாகச் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு நடப்புக்கு வந்த நாள் 1937 அக்டோபர் 1. மறு ஆண்டு அவர் கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டமும் கணக்கைத் தீர்க்க அதே தேதியையே எடுத்துக்கொண்டது.

அச்சட்டம் துணிவானது. 1932 அக்டோபர் 1க்கு முன் வாங்கிய கடன்களில், 1937 அக்டோபர் 1 வரை நிலுவையில் நின்ற வட்டி முழுவதும் ரத்து. அசல் மட்டுமே பாக்கி. அசலாகவோ வட்டியாகவோ அசலைப்போல் இரு மடங்கு செலுத்தி முடித்திருந்தால் கடனே தீர்ந்ததாகக் கருதப்பட்டது. 1932க்குப் பிந்திய கடன்களுக்கும் வட்டி குறைக்கப்பட்டது. வேறு சொத்து ஏதுமற்ற ஒரு பெண் கொடுத்திருந்த 3,000 ரூபாய்க்கு மேற்படாத கடனுக்கும் விலக்கு அளித்தார்கள். சிறுதொகையை வட்டிக்கு விட்டுக் காலந்தள்ளிய கைம்பெண்களை மறவாத அந்த நுணுக்கம் பாராட்டுக்குரியது.

ஆனால் யாருக்கு நிவாரணம்? விவசாய நிலத்தில் விற்கத்தக்க உரிமை உடையவரே அச்சட்டத்தின் கண்ணில் ‘விவசாயி’. நிலமற்ற கூலியாளும், தறி நெய்து பிழைத்த நெசவாளியும் அந்த வரம்புக்குள் வரவில்லை. அடகு வைக்க நிலம் இல்லாதவன் தன் உழைப்பையே ஈடாக வைத்தான். அந்த ஈட்டை எந்தப் பத்திரப் பதிவு அலுவலகமும் பதிவதில்லை.

பிற்காலத்தில் கைத்தறிக்குப் பதிலாக விசைத்தறி பெருகியபோது, இந்த வழக்கமும் தறிப்பட்டறைக்குள் நுழைந்தது. மகளின் திருமணம், மருத்துவச் செலவு, வீட்டு வாடகை முன்பணம் ஆகியவற்றுக்குத் தொழிலாளி முதலாளியிடம் முன்பணம் கேட்பார். அதுவே பாக்கி. அதற்கு வட்டி கிடையாது. ஆனால் தீரும்வரை வேறு பட்டறைக்குப் போக இயலாது. போக வேண்டுமாயின் புதிய முதலாளி பழையவருக்குப் பணத்தைக் கட்டி ஆளை அழைத்துக்கொள்வார். கடன் முதலாளி மாறும், தீராது. 1990களில் இப்பகுதியில் தங்கி ஆய்வு செய்த மானிடவியல் அறிஞர் கீர்ட் டி நீவ் இதனை விரிவாக எழுதியுள்ளார். தொழிலாளிகள் வெறும் பலிகடாக்கள் அல்லர் என்பதையும் அவர் காட்டுகிறார். ஆள் பற்றாக்குறையான காலத்தில் அவர்களே பெருந்தொகை கேட்டுப் பெற்றனர்; சிலர் பாக்கியோடு ஊரைவிட்டே சென்றனர். முதலாளிகளின் முறையீட்டிலும் நியாயம் உண்டு. இருப்பினும் கூலி உயர்வு கேட்கும் நாளில், நோட்டில் பாக்கி எழுதப்பட்டவரின் குரல் தாழ்ந்தே ஒலிக்கும்.

1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் இத்தகைய கடன்களைத் தொடக்கூடியதே. ஆனால் தாமே கேட்டு வாங்கிய தொகையைக் கொத்தடிமைக் கடன் என்று புகார் செய்ய எத்தனை பேர் முன்வருவர்? கந்துவட்டிச் சட்டமோ வட்டியைத் தேடுகிறது. இங்கு வட்டியே இல்லை. பட்டியலில் அச்சொல் விடுபட்டதன் காரணம் இதுதான்.

நம்மில் பலர் வட்டியில்லை என்றதும் மனநிறைவு கொண்டுவிடுகிறோம். கடனோடு, கடன் கொடுத்தவருக்கு ஆதாயம் தரும் நிபந்தனையைச் சேர்ப்பதும் வட்டியின் வகையே என்று மார்க்கச் சட்ட அறிஞர்கள் கூறியிருப்பதை, பட்டறை வைத்திருப்போர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவது நன்று.

பாக்கி போதாதபோது குடும்பங்கள் தண்டல்காரரிடமும் குழுக்கடன் நிறுவனங்களிடமும் செல்கின்றன. வாரத் தவணையைக் கட்ட மற்றொரு கடன் பிறக்கிறது. 2025 ஜூலையில் பள்ளிபாளையம் வட்டாரத்து விசைத்தறித் தொழிலாளிகள் கடன் நெருக்கடியால் சிறுநீரகத்தை விற்ற செய்தி வெளியாகி நாட்டை உலுக்கியது. ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. தரகர்கள் யார், மருத்துவமனைகள் எவை என்பன பற்றியே பேச்சு மிகுந்தது. அம்மக்களின் கடன் எவ்வகையானது, யாருக்குத் தர வேண்டியது என்பது அதிகம் பேசப்படவில்லை.

பைத்துல்மால் உதவி கோரி வரும் குடும்பத்திடம் எவ்வளவு கடன், என்ன வட்டி என்று நிர்வாகிகள் கேட்பது வழக்கம். எந்தப் பட்டறையில் எவ்வளவு பாக்கி என்பதையும் இனி விண்ணப்பத்தில் ஒரு வரியாகச் சேர்க்கலாம்.