‘தொழிலுக்குப் போறேன்’

பழவேற்காட்டில் ஏரிக்கோ கடலுக்கோ கிளம்பும் ஆளை நிறுத்தி எங்கே என்று கேட்டால், மீன் பிடிக்க என்று சொல்லமாட்டார். ‘தொழிலுக்கு’ என்பார். காற்று முரண்டு பிடித்தால் ‘இன்னிக்குத் தொழில் இல்ல’. முகத்துவாரம் மணலேறி அடைத்துக்கொண்டால் ‘தொழிலே படுத்துடுச்சு’. உழவுத்தொழில், நெசவுத்தொழில் என்று மற்றவர்கள் அடைமொழி சேர்த்துக்கொள்ள, மீனவர் மட்டும் மொட்டையாகத் தொழில் என்கிறார். கடலோரத்தில் அதற்கு இரண்டாவது பொருள் கிடையாது.

அங்கிருந்து தெற்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டரில் சென்னை. அங்கே ஒரு பெண்ணைக் காட்டி ‘அவ தொழில் பண்றவ’ என்று ஒருவர் குரலைத் தாழ்த்தினால், ‘என்ன தொழில்?’ என்று எவரும் கேட்பதில்லை. இதுவும் மொட்டைச் சொல்தான். இதற்கும் இரண்டாவது பொருள் கிடையாது. பழவேற்காட்டுக்கும் பாலியல் தொழிலுக்கும் முடிச்சுப் போட நான் வரவில்லை. ஒரே சொல் கரையில் உரிமையாகவும் ஊருக்குள் ஏச்சாகவும் ஆனது எப்படி என்று பார்க்கத்தான் ஏரிக்கரையிலிருந்து தொடங்குகிறேன்.

இலக்கணத்தில் தொழில் என்றால் வினை. செய்தல், போதல், பிடித்தல் எல்லாம் தொழிற்பெயர்கள். அவை செயலுக்குப் பெயர் வைக்கும், செய்தவர் யார் என்று சொல்லா, காலமும் காட்டா. பள்ளியில் மனப்பாடம் செய்த இந்தப் பாடம் பின்னால் உதவும். அகராதியில் தொழிலுக்கு அண்டை வீட்டில் குடியிருக்கும் சொற்கள் கொஞ்சம் சங்கடமானவை: தொழு, தொழும்பு, தொழும்பர், தொழுத்தை. தொழும்பு என்றால் தொண்டு, அடிமைத்தனமும்தான். தொழுத்தை, அடிமைப்பெண். ‘அடியார்’ என்பதிலும் இதே இரட்டை முகம் உண்டு. இவை எல்லாவற்றையும் தொழு என்ற ஒரே வேரில் சேர்ப்போர் இருக்கிறார்கள். சேர்ந்தாலும் சேராவிட்டாலும், வேலைக்கும் அடிமைக்கும் நடுவே தமிழ் உயரமான மதில் எதையும் கட்டிவிடவில்லை.

பழவேற்காட்டுக்கு அது தெரியும். டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பினார்கள். 1690-இல் தலைமையகத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரை வணிகம் முழுவதையும் இங்கிருந்துதான் நடத்தினார்கள். துணிமூட்டைகளோடு மனிதர்களும் கப்பலேறினார்கள். பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில் ஆள் விலை மலிந்தது. ஆணும் பெண்ணும் பிள்ளையுமாக ஆயிரக்கணக்கானோர் பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அடிமைகளாகப் போனார்கள். டச்சுக் கல்லறைத் தோட்டத்தைப் பார்க்க வருகிறவர்கள் வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளைப் படமெடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள்.

உடலை விலைக்குத் தரும் பெண்ணைக் குறிக்கத் தமிழில் சொற்பஞ்சம் இருந்ததே இல்லை. பரத்தை, கணிகை, வரைவின் மகளிர், பொருட்பெண்டிர், விலைமகள், வேசி, தாசி. இவற்றில் ஒன்றுகூடத் தொழிலின் பெயர் அல்ல. எல்லாமே ஆளின் பெயர். வலை வீசிவிட்டுக் கரையேறுகிறவர் வீட்டில் அப்பா, தெருவில் மாமன், பஞ்சாயத்தில் பங்காளி. பரத்தை எந்தக் கரையில் ஏறினாலும் பரத்தைதான். திருக்குறள் அவளுக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்குகிறது, ஆண்களை எச்சரிப்பதற்காக. அவள் வீட்டு அடுப்பு எப்படி எரிந்தது என்பது அங்கே பேச்சில்லை. சிலப்பதிகாரத்தில்தான் தொகை தெரிகிறது. மாதவியின் மாலைக்கு விலை 1008 கழஞ்சு பொன். அதைத் தெருவில் விலைகூறி நின்றவள் ஒரு கூனி. தமிழில் தரகரைக் காட்டும் பழைய காட்சிகளில் அது ஒன்று.

கணக்கு இன்னும் துல்லியமாக இருப்பது தஞ்சைப் பெரிய கோயில் சுவரில். பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளை வரவழைத்து, ஆளுக்கொரு வீடும் ஒரு பங்கும் கொடுத்தான் ராசராசன். பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். யார், எந்தத் தளியிலிருந்து வந்தவள், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பது வரை கல்லில் வெட்டியிருக்கிறது. இந்தப் பெண்களை இன்றைய பாலியல் தொழிலாளிக்கு மூதாதையாக்கிவிடுவது சோம்பேறித்தனம்; கல்வெட்டு பேசுவது கோயில் பணியைப் பற்றி. ஆனால் இவர்களை ஒட்டி வழங்கிய ‘தேவரடியார்’ என்ற சொல்லின் கதியைப் பாருங்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் தேவரடியார் பொன்னும் நிலமும் கோயிலுக்குத் தானம் செய்தவர்கள். இன்று அந்தச் சொல்லின் நடு எழுத்துத் தேய்ந்து, குழாயடிச் சண்டையிலும் குடிகாரர் வாயிலும் புழங்குகிறது. அதற்குச் சொல்லைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. முதலில் பங்கு போனது. மரியாதை அதற்குப் பின்னால் போனது.

பங்கு என்ற சொல் ஏரிக்கரையில் இன்னும் உயிரோடு இருக்கிறது. பிடித்த மீன் விற்றதும் வலைக்கு, படகுக்கு, ஆளுக்கு என்று பங்கு பிரிப்பார்கள். அதற்கும் முந்தியது ‘பாடு’. பழவேற்காட்டில் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற பட்டினவர் ஊர்களுக்கு ஏரியில் குறிப்பிட்ட இடங்களில் சுத்துவலை கட்டும் உரிமை உண்டு. எந்த நாள் எவர் எந்த இடத்தில் என்று சீட்டுப் போட்டு முறைவைத்துக்கொள்கிறார்கள். அந்த முறைக்குப் பெயர் பாடு. வலையில் விழுவது மீன்பாடு, உடம்பு படுவதும் பாடு. உழைப்பு, துன்பம், முறை, விளைச்சல் நான்கையும் ஒரே சொல்லுக்குள் திணிக்கப் பட்டவர்களால்தான் முடியும்.

ஆனால் பாடு ஆண்களுக்குத்தான். பெண் கூடையைத் தலையில் ஏற்றினால் ‘யாவாரத்துக்குப் போறா’. இடுப்பளவுச் சேற்றுநீரில் இருளர் பெண் கையால் துழாவி இறால் எடுத்தால் அது ‘தடவப் போறது’. முஸ்லிம் வீட்டுத் திண்ணையில் பனையோலைப் பெட்டி முடைந்தால் ‘ஓலை வேலை’. இத்தனை பெண்கள் இத்தனை வேலை செய்தும் அடைமொழியில்லாத ‘தொழில்’ எவளுக்கும் தரப்படவில்லை. தமிழ் அதை ஒரே ஒரு பெண்ணுக்குத்தான் கொடுத்தது. அதையும் வாயைப் பொத்திக்கொண்டு கொடுத்தது.

வெள்ளைக்கார அரசுக்கு வேறு அவசரம். சிப்பாய்களுக்குப் பால்வினை நோய் வரக்கூடாது. 1864-இன் பாளையச் சட்டம், 1868-இன் தொற்றுநோய்ச் சட்டம் இரண்டும் பெண்ணைப் பதிவுசெய்தன, பரிசோதித்தன, நோய் இருந்தால் ‘லாக் ஆஸ்பத்திரி’யில் அடைத்தன. சிப்பாய் பாளையத்திலேயே இருந்தார். சட்டத்தோடு ஊன்றிப்போன சொல் ‘விபசாரம்’. வடமொழித் தருக்க நூல்களில் வியபிசாரம் என்றால் ஏது தன் வழி தவறுவது. அந்தச் சாதுவான வாதப்பிழை, தமிழ் பைபிளில் மணவாழ்வின் துரோகமானது. பிறகு போலீஸ் ஏட்டில் குற்றமானது. கடைசியில் நாளிதழில் ‘விபசார அழகி கைது’ என்று முடிந்தது. அழகி என்ற சொல்லை இவ்வளவு வன்மத்தோடு பயன்படுத்தலாம் என்று கண்டுபிடித்தது நம் பத்திரிகை உலகம்தான்.

முத்துலட்சுமி ரெட்டி 1927-இல் சென்னை சட்டமன்றத்தில் தேவதாசி முறைக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தார். பொட்டுக்கட்டுத் தடைச் சட்டம் 1947-இல் வந்தது. இடையில் 1936-இல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் எழுதிய நாவலின் தலைப்பு ‘தாசிகளின் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’. அந்த முறைக்குள்ளிருந்து வெளியே வந்து போராடிய அவர் மீது எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. தலைப்போடு மட்டும் சின்னச் சண்டை: வலை தாசியின் கையில், மாட்டிய மீன் மைனர். வலைக்கு முதல் போட்டவர் தலைப்பில் இல்லை.

‘பாலியல் தொழிலாளி’ தமிழுக்குப் புதுசு. 1970-களின் இறுதியில் சான் பிரான்சிஸ்கோவில் கேரல் லீ என்பவர், தாமே அந்தத் தொழிலில் இருந்துகொண்டு, அதை வேலை என்று அழைக்கும் ஓர் ஆங்கிலச் சொல்லை உருவாக்கினார். அது இங்கே வந்திறங்கியது நோயோடு. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நிர்மலாவும் சுனிதி சாலமனும் நடத்திய ஆய்வில், காவல் இல்லத்தில் இருந்த பெண்கள் ஆறு பேரின் இரத்தத்தில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று தெரியவந்தது. எய்ட்ஸ் தடுப்புப் பணம் வந்தது, திட்டங்கள் வந்தன, படிவங்களில் நிரப்ப ஒரு கௌரவமான சொல் தேவைப்பட்டது. நூற்றாண்டுக்கு முன் சிப்பாய்க்காகப் பதிவானவள், இப்போது ‘மக்கள் நல’னுக்காகப் பதிவானாள். இருந்தாலும் சொல் கைமாறியது. கேரளத்தின் நளினி ஜமீலா 2005-இல் தன் வரலாற்றை வெளியிட்டபோது தலைப்பிலேயே ‘தொழிலாளி’ இருந்தது; தமிழிலும் அப்படியே வந்தது.

இலக்கணப் பாடத்துக்கு வருகிறேன். ‘தொழில் செய்கிறவள்’ என்பது வினையாலணையும் பெயர், காலம் காட்டும். செய்தவள், செய்கிறவள், செய்பவள் என்று மாறும். அதாவது நேற்றுச் செய்தவள் இன்று செய்யாமலும் இருக்கலாம். வேசிக்கும் தாசிக்கும் இந்த வசதி இல்லை. இந்தப் பெண்கள் தங்களுக்குள் ‘தொழில்’ என்று சொல்லிக்கொள்வதை ஆங்கிலச் சொல்லின் மொழிபெயர்ப்பாக நான் நினைக்கவில்லை. கிராக்கி, புரோக்கர், மாமூல், லாட்ஜ் வாடகை என்று நாளுக்கு நாள் கணக்குப் பார்க்கிற எவரும் அதைத் தொழில் என்றுதான் சொல்வார்கள்.

பங்கு பிரிப்புதான் இடிக்கிறது. பாலியல் தொழில் குறித்த 1956-இன் சட்டப்படி ஒரு பெண் தனியே இத்தொழில் செய்வது குற்றமல்ல. ஆனால் வாடிக்கையாளரை அழைத்தால் குற்றம், இரண்டு பேர் ஒரு வீட்டில் சேர்ந்து செய்தால் அது விடுதி. அவள் சம்பாத்தியத்தில் தெரிந்தே வாழும் 18 வயது கடந்த எவரும் குற்றவாளி. அம்மா அனுப்பும் பணத்தில் கல்லூரிக்குப் போகும் பையன், பதினெட்டாவது பிறந்தநாள் கழிந்ததும் சட்டத்தின் வாசகத்துக்குள் வந்துவிடுகிறான். தரகரைப் பிடிக்கப் பின்னிய வலை. கண் அளவு அப்படி.

மீனவரின் தொழிலையும் அரசு நிறுத்துவதுண்டு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. கடல் மீனவக் குடும்பத்துக்குத் தமிழக அரசு தடைக்கால நிவாரணமாக 8,000 ரூபாய் தருகிறது. போதாது என்பது கரையின் நெடுநாள் முறையீடு, அதில் நியாயமும் உண்டு. ஆனால் தொழில் நின்றால் வீடு பட்டினி என்பதை அரசு ஒப்புக்கொண்டதன் அடையாளம் அது. 2020-இல் ஊரடங்கில் தொழில் நின்ற பாலியல் தொழிலாளிகளுக்கு அடையாள அட்டை கேட்காமல் உணவுப்பொருள் கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. 2022 மே மாதம் புத்ததேவ் கர்மஸ்கர் வழக்கில், அவர்களைக் கண்ணியமாக நடத்துங்கள், ஆதார் கொடுங்கள், அட்டையில் தொழிலைக் காட்டிக்கொடுக்கும் குறியீடு எதுவும் வேண்டாம் என்றது அதே நீதிமன்றம். 2023 ஆகஸ்டில் நீதிபதிகளுக்கென வெளியிட்ட சொற்கையேட்டில், பழைய வசைக்குப் பதில் ‘பாலியல் தொழிலாளி’ என்று எழுதச் சொன்னது. ஆள்கடத்தலை எதிர்க்கும் அமைப்புகள் ஆட்சேபித்தன. விருப்பப்பட்டு வந்தவர், விற்கப்பட்டு வந்தவர் எல்லாரையும் தொழிலாளி என்றால் விற்றவன் முதலாளியாகிவிடுவானே என்பது அவர்கள் கேள்வி. நவம்பரில் அந்தச் சொல் மாற்றப்பட்டது. கெல்ட்ரியாவிலிருந்து கப்பலேறியவர்களை நினைத்தால் அந்தக் கேள்வியை என்னால் தள்ளிவிட முடியவில்லை. தொழும்பும் தொழிலும் அகராதியில் இன்னும் ஒரே பக்கத்தில்தான் இருக்கின்றன.

ஜூனில் பள்ளி திறக்கும். சேர்க்கைப் படிவத்தில் ‘பெற்றோர் தொழில்’ என்று ஒரு கட்டம் இருக்கும். பழவேற்காட்டுப் பிள்ளையின் அப்பா யோசிக்காமல் ‘மீன்பிடித் தொழில்’ என்று எழுதுவார், அல்லது எழுதச் சொல்வார். அந்த இன்னொரு அம்மா பேனாவை வாங்கி, பக்கத்து ஆள் என்ன எழுதியிருக்கிறார் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, ‘கூலி’ என்று எழுதுவாள்.