மூன்று ஷிப்டும் பன்னிரண்டு வாரமும்: பணியிலிருப்போரின் இணையவழிப் புள்ளியியல் கல்வி, மாப்பிள்ளையூரணியை முன்வைத்து

1. களம்

தூத்துக்குடி நகரை ஒட்டிய மாப்பிள்ளையூரணி வட்டாரத்துக்குத் துறைமுகம், அனல்மின் நிலையம், உப்பளம், மீன்பிடிப்பு ஆகியவையே பிழைப்பு. இங்கே வேலை பார்த்துக்கொண்டே முதுகலையோ பகுதிநேர முனைவர் பட்டமோ படிப்பவருக்குப் புள்ளியியலிடமிருந்து தப்ப வழியில்லை. மீன்வளமோ வணிகவியலோ சமூகப்பணியோ, தரவு வந்துவிட்டால் கணக்கும் வந்துவிடும். பகுதிநேர முனைவர் படிப்புக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 நெறிமுறைகள் இடம் தருகின்றன. வேலை தருபவரின் தடையின்மைச் சான்றைக் கேட்கின்றன. ஒரே காலத்தில் இரண்டு பட்டம் படிக்கவும் அதே ஆண்டில் அனுமதி கிடைத்தது. நேரம்தான் கிடைக்கவில்லை.

2. இருக்கும் வழிகள்

ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். இணையப் பாடத் திட்டம், 2014 முதல் சான்றிதழ்ப் படிப்புகளை நடத்துகிறது. பாடம் இலவசம், தேர்வுக்கு மட்டும் கட்டணம். சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய தரவு அறிவியல் இணையப் பட்டத்தின் அடிப்படைக் கட்டத்திலேயே புள்ளியியல் இரண்டு தாள். இரண்டிலும் காணொலியை நினைத்த நேரத்தில் பார்க்கலாம். தேர்வை மையத்துக்குப் போய்த்தான் எழுத வேண்டும். இதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். சான்றிதழுக்கு மதிப்பு இருப்பதே அதனால்தான்.

3. கெடுவின் கணக்கு

நெகிழ்ச்சி என்றால் காணொலியை நள்ளிரவிலும் பார்க்கலாம் என்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். உண்மையான நெகிழ்ச்சி வாராந்திர ஒப்படைப்பின் கெடுவில் இருக்கிறது. என்.பி.டி.இ.எல். மதிப்பீட்டில் ஒப்படைப்புகளுக்கு 25, தேர்வுக்கு 75. 12 வாரப் படிப்பில் சிறந்த 8 ஒப்படைப்புகளை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். 8 வாரப் படிப்பில் சிறந்த 6.

இதை ஷிப்ட் அட்டவணையோடு பொருத்திப் பார்க்கலாம். வாரத்துக்கு ஒரு ஷிப்ட் என்று மூன்றும் சுழல்வதாகவும், இரவு ஷிப்ட் வாரத்தில் படிப்பு ஓடாது என்றும் வைத்துக்கொள்வோம். 12 வாரத்தில் இரவு ஷிப்ட் 4 முறை வரும். விட்டுவிட அனுமதிப்பதும் சரியாக 4. காய்ச்சலுக்கும் கல்யாணத்துக்கும் மிச்சம் ஒன்றுமில்லை. 8 வாரப் படிப்பு இன்னும் மோசம்: முதல் வாரமே இரவு ஷிப்டாக அமைந்தால் 1, 4, 7 என மூன்று வாரம் போகும், சலுகையோ இரண்டுக்குத்தான். 2023 டிசம்பர் 17, 18-இல் இம்மாவட்டத்தை மூழ்கடித்த மழை போல ஒன்று வந்தால் ஷிப்ட் கணக்கும் செல்லாது.

மதிப்பெண் மன்னித்தாலும் பாடம் மன்னிக்காது என்பது இதைவிடப் பெரிய சிக்கல். விட்டுப்போன நான்கு வாரத்தில் ஒன்று நிகழ்தகவுப் பரவலாக இருந்தால், அடுத்து வரும் எடுகோள் சோதனை வெறும் மந்திரமாகிவிடும். மென்பொருள் தரும் பி-மதிப்பு 0.05-க்குக் கீழே இருக்கிறதா என்று மட்டும் பார்த்து ஆய்வேட்டை முடிப்பவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

4. கைக்கெட்டும் தரவு

காணொலிப் பாடங்களில் நாணயமும் பகடையும் உருளுகின்றன. இந்தக் கடற்கரையிலோ முத்துச் சலாபத்தின், அதாவது முத்துக்குளிப்பின், வரலாறே ஒரு கூறெடுப்புப் பாடம். கடலடி முத்துப்பாரிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துகளை விலைமதித்து, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு தேறும் என்று கண்ட பிறகே சலாபம் நடத்துவதா என ஆட்சியாளர்கள் முடிவெடுத்தார்கள். பெரும்பாலான சிப்பிகளில் ஒன்றும் இராது. தப்பித்தவறி ஒரு பெருமுத்து சிக்கினால் சராசரி எகிறும். இடைநிலை அளவு சுழியிலேயே கிடக்கும். கோட்டமுள்ள பரவலுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எங்கே கிடைக்கும்?

1961-ஓடு இங்கே சலாபம் நின்றுபோனாலும் கூறெடுப்பு நிற்கவில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் மீன்வரத்தைப் பல கட்டப் படுகைமுறைக் கூறெடுப்பால் மதிப்பிடுகிறது. இறங்குதளத்துக்கு வந்த படகுகள் 15 வரை என்றால் எல்லாவற்றையும் பதிவார்கள். மிஞ்சினால் மாதிரி எடுப்பார்கள். ஏன் 15, எப்படித் தேர்வது, இரவில் வந்த படகை என்ன செய்வது என்று கேட்டாலே ஒரு வாரப் பாடம் நடந்துவிடும்.

5. செய்யத்தக்கவை

புதிய தளம் எதுவும் தேவையில்லை. திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் துறை இருக்கிறது. தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி 1977 முதல் இயங்குகிறது. இணையப் பாடம் அப்படியே ஓடட்டும். விட்டுப்போன வாரத்தை இந்தக் கடற்கரைத் தரவைக் கொண்டு மீட்டுத்தர, சந்தேகம் கேட்க, இவற்றிலிருந்து தமிழில் பேசும் ஓர் ஆசிரியர் மட்டும் வாரம் ஒருமுறை வேண்டும். அதுவும் இரவு ஷிப்ட் முடித்தவர் தூங்கி எழுந்த பிறகு, மாலையில். நெறியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தடையின்மைச் சான்றைக் கேட்கும்போதே மாணவரின் ஷிப்ட் அட்டவணையையும் கேட்டு வாங்குங்கள், எந்தப் படிப்பில், எந்த வாரத்தில் சேரலாம் என்பதை அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.