'எல்லோரும்' என்றால் எத்தனை பேர்?

பலாபத்வலயில் என்னிடம் தமிழ் படிக்க வரும் மாணவி ஒருத்தி கேட்டாள்: "சேர், 'எல்லோரும்' என்றால் ஒருவரும் மிச்சமில்லைத்தானே?"

உம்மைக்குத் தொல்காப்பியர் கூறிய எட்டுப் பொருள்களில் முற்றும் ஒன்று. ஆகவே அவள் சொன்னது சரிதான். ஆனால் "வந்த எல்லோரும்" என்றதும் வராதவர் விலகிவிடுகிறார். ஆங்கிலத்தில் பெயருக்குப் பின்னே 'ஹூ' என்று தொடங்கும் தொடர் செய்யும் வேலையை, தமிழில் பெயருக்கு முன்னே நின்று பெயரெச்சம் செய்கிறது.

இந்த இலக்கணத்தை மலையகம் பட்டுத்தான் அறிந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்துக்கு ஒருவர் இங்கே பிறந்திருந்தது மட்டும் போதவில்லை. இங்கே பிறந்த தந்தையை, அல்லது இங்கே பிறந்த பாட்டனையும் பூட்டனையும் அது கேட்டது. பிறப்புப் பதிவில்லாத லயத்து மனிதர் எதைக் காட்டுவார்? 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. 150,000 பேரின் கதி பிற்போடப்பட்டது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமோ, அந்தத் திகதி முதல் இங்கே நிரந்தரமாக வசித்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் சந்ததியினருக்கும் வழிவிட்டது. பெயரெச்சம் மாறியதும் அதற்குள் அடங்கியோர் தொகையும் மாறியது.

"யாராவது 'எல்லோரும்' என்றால், அதற்கு முன்னாலுள்ள சொல்லைப் பார், பிள்ளை" என்றேன்.

அவள் சற்று நேரம் பேசவில்லை. அவளுடைய பாட்டனார் நாடற்றவராகவே கண்மூடியவர். பிறகு கொப்பியில் எழுதினாள்: "இங்கே உழைத்த எல்லோரும்."

நான் அதைத் திருத்தவில்லை.