போட் மெயிலும் ஆகாய வழியும்: பாக்கு நீரிணைப் பயணத்தின் வரலாறு

சென்னைக்கும் கொழும்புக்கும் இடையே விமானம் பறக்கும் நேரம் ஏறத்தாழ ஒன்றேகால் மணி. சென்னையிலிருந்து மதுரைக்குப் பேருந்தில் செல்வோர் விழுப்புரத்தை எட்டுமுன்பே விமானப் பயணி அயல்நாட்டு மண்ணில் இறங்கிவிடுகிறார். இத்தகைய குறும்பயணத்துக்கு இரயிலா, விமானமா என்று எவரேனும் வினவினால், அது விடை வேண்டாத வினா என்றே இன்று தோன்றும். ஆனால் இவ்வினாவுக்கு ஒரு காலத்தில் இரண்டு விடைகள் இருந்தன. இரண்டையும் மக்கள் பயன்படுத்தினர்.

வேகம் மிகுந்த ஊர்தி வந்தது, வேகம் குறைந்த ஊர்தி மறைந்தது என்று போக்குவரத்து வரலாற்றைச் சுருக்கிச் சொல்வது வழக்கம். பாக்கு நீரிணையைப் பொறுத்தவரை இவ்விளக்கம் பொருந்தவில்லை. விமானம் வந்த பின்னரும் இரயிலும் கப்பலும் இணைந்த பழைய வழி நெடுங்காலம் நீடித்தது. அதனை முடித்துவைத்தவை சட்டமும் புயலும் போரும் ஆகும்.

தூத்துக்குடி வழி

தென்னிந்திய இரயில்வேயின் பாதை 1876இல் தூத்துக்குடியை அடைந்தது. அன்று முதல் இலங்கை செல்வோர் இரயிலில் தூத்துக்குடி சேர்ந்து, அங்கிருந்து இரவுக் கப்பலில் கொழும்பை அடைவது பெருவழக்காயிற்று. அக்கடல் வழி பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியின் ஆதிக்கத்தில் இருந்தது.

வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906இல் நிறுவிய சுதேசிக் கப்பல் கம்பெனி எதிர்த்து நின்றது இவ்வாதிக்கத்தைத்தான். ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சுதேசிக் கொடியுடன் ஓடின. வெள்ளையர் கம்பெனி கட்டணத்தை அடிக்கடி குறைத்தது. இறுதியில் பயணிகளை இலவசமாக ஏற்றிச் செல்லவும் முன்வந்தது. 1908இல் வ. உ. சி. சிறைப்பட்டதும் சுதேசிக் கம்பெனி நலிந்து மறைந்தது. எந்த ஊர்தியில் ஏறுவது என்பது பயணியின் வசதியை மட்டும் பொறுத்ததன்று, அதனுள் அரசியலும் உண்டு என்பதைத் தமிழர் முதன்முதலாக உணர்ந்த இடம் இக்கடல் வழியே எனலாம்.

பாம்பன் வழி

1914ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24ஆம் நாள் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாலத்தின் நடுவே, கப்பல்களுக்கு வழிவிட இரு கைகளைப்போல் மேலெழும் ‘ஷெர்சர்’ தூக்குப் பகுதி அமைக்கப்பட்டது. இராமேசுவரம் தீவுக்குள் நுழைந்த இருப்புப்பாதை தனுஷ்கோடித் துறைவரை நீண்டது. எதிர்க்கரையில் மதவாச்சியிலிருந்து மன்னார் தீவைக் கடந்து தலைமன்னார்த் துறைவரை இலங்கை இரயில்வேயும் பாதை அமைத்தது. இரு துறைகளுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 35 கிலோமீட்டர்க் கடலை நீராவிக் கப்பல்கள் கடந்தன. கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என ஆட்சியாளர் பெயர் தாங்கிய கப்பல்கள் முதலில் ஓடின. பின்னர் இர்வின், கோஷன் ஆகியவை வந்தன.

இவ்வாறு பிறந்ததே ‘போட் மெயில்’. எழும்பூரில் மாலையில் புறப்பட்டவர் மறுநாள் பிற்பகல் தனுஷ்கோடியில் கப்பலேறி, பொழுது சாயும் வேளையில் தலைமன்னாரில் இறங்கி, அங்கு காத்திருந்த இரயிலில் இரவைக் கழித்து, மூன்றாம் நாள் காலையில் கொழும்புக் கோட்டை நிலையத்தை அடைவார். தமிழகத்துப் பாதை மீட்டர் அகலம் கொண்டது. இலங்கைப் பாதையோ ஐந்தரை அடி அகலப் பாதை. இருப்பினும் இரண்டையும் ஒரு கப்பல் இணைத்து வைத்தது.

இவ்வழி எல்லார்க்கும் ஒரே வகையில் திறந்திருக்கவில்லை. வசதி படைத்தோர் முதல் வகுப்பில் ஏறிச் சென்றனர். தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் கட்டப்பட்டுச் சென்ற தொழிலாளரோ மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு, தொற்றுநோய்த் தடுப்புச் சோதனைகளுக்கு உட்பட்ட பின்னரே கடல் கடக்க இயன்றது. ஆயினும் அவர்களுடைய முன்னோரின் நிலையோடு ஒப்பிட்டால் இரயிலின் பயன் விளங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோணியில் மன்னார்க் கரை சேர்ந்து, காட்டு வழியே மாத்தளையை நோக்கி நடந்தோருள் நோயாலும் பசியாலும் மடிந்தவர் பலர். தலைமன்னார் இரயில் அந்நடையை இல்லாமற் செய்தது. ஊர்த் திருவிழாவுக்கும் வீட்டுத் திருமணத்துக்கும் சாவுக்கும் வந்து திரும்புவதை இயலத்தக்கதாக்கியது. திரும்பிவர முடிந்ததனாலேயே திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம் மாவட்டத்துச் சிற்றூர்களும் மலையகத்து லயங்களும் உறவு அறாமல் வாழ்ந்தன.

ஆகாய வழி

1932இல் கராச்சிக்கும் சென்னைக்கும் இடையே தொடங்கிய டாட்டா நிறுவனத்தின் வான்வழி அஞ்சல் 1938இல் கொழும்பு வரை நீட்டிக்கப்பட்டது. கொழும்பை அடுத்த இரத்மலானை அன்றைய விமான நிலையம். அந்நாளில் விமானம் கடிதங்களுக்கே முதன்மையாக உரியதாயிருந்தது. மனிதர்க்கு உரிய ஊர்தி இரயிலே.

பின்னர் 1947ஆம் ஆண்டு திசம்பர் 10ஆம் நாள், ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து எழுந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னையை அடைந்தது. இலங்கை விடுதலை பெறுவதற்கு இரண்டு திங்கள் முன்பு நிகழ்ந்தது இது. இலங்கையின் தேசிய விமான நிறுவனம் தன் முதற் பயணத்துக்கு யாழ்ப்பாணத்தையும் சென்னையையும் தேர்ந்தது தற்செயலன்று. போக்குவரவு மிகுந்திருந்த திசை அதுவே.

அது முதல் பயணிக்கு இரண்டு வழிகள் அமைந்தன. விமானத்தில் சில மணி நேரம்; இரயிலிலும் கப்பலிலுமாக இரண்டு இரவுகள். ஆயினும் அன்றைய டக்கோட்டா விமானம் ஒருமுறைக்கு முப்பது பேர் அளவிலேயே ஏற்ற வல்லது. ஒரு கப்பலோ நூற்றுக்கணக்கானோரையும் அவர்தம் பெட்டி, படுக்கை, பித்தளைப் பாத்திர மூட்டைகளையும் சுமந்தது. அலுவலரும் பெருவணிகரும் கலைஞரும் வானில் பறந்தனர். தோட்டத் தொழிலாளரும் சிறு கடைக்காரரும் இராமேசுவர யாத்திரிகரும் கதிர்காமத்துக்கு நேர்ந்துகொண்டோரும் தரைவழியும் கடல்வழியும் சென்றனர். முன்னவர் மிச்சப்படுத்தியது நேரம், பின்னவர் மிச்சப்படுத்தியது பணம். இரண்டுக்கும் இடமிருந்ததனால் ஒன்று மற்றொன்றை அழிக்கவில்லை.

சட்டமும் புயலும்

இரு வழிகளையும் ஒருங்கே நெருக்கிய முதல் இடர் காகித உருவில் வந்தது. 1948இல் இலங்கை நாடாளுமன்றம் இயற்றிய குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் நாடற்றோராயினர். அதே காலத்துக் குடிவரவுச் சட்டம், அதுவரை ஊருக்கு ஊர் போய்வருவதுபோல் இருந்த பயணத்தைக் கடவுச்சீட்டும் நுழைவிசைவும் வேண்டும் வெளிநாட்டுப் பயணமாக மாற்றியது. எந்நாட்டுக் குடியும் அல்லாதவர்க்குக் கடவுச்சீட்டு ஏது? இரயில் ஓடிற்று, கப்பல் மிதந்தது, விமானம் பறந்தது. ஏறத்தான் பலர்க்கு வழியில்லை. ‘கள்ளத்தோணி’ என்னும் சொல் இலங்கையில் ஒரு வசைச் சொல்லாய்ப் பரவியது இக்காலத்தின் விளைவே. நேர்வழியில் சென்று வந்தவர்களின் பிள்ளைகளும் அவ்வசைக்கு உள்ளாயினர்.

1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நாடற்றோர் 9,75,000 பேர் எனக் கணக்கிட்டு, அவருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேர்க்கு இலங்கை குடியுரிமை வழங்குவது, எஞ்சியோர் குறித்துப் பின்னர் முடிவு செய்வது என இரு அரசுகளும் இசைந்தன. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. எங்கு வாழ விரும்புகின்றனர் என்று அம்மக்களைக் கேட்டு இக்கணக்குப் போடப்படவில்லை.

ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு திங்கள்கூட நிறையவில்லை. அவ்வாண்டு திசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய பெரும்புயலும் கடல் அலையும் தனுஷ்கோடியை அழித்தன. பாம்பனிலிருந்து சென்ற பயணி வண்டி துறையை எட்டுமுன் அதிலிருந்தோர் அனைவருடனும் கடலுக்கு இரையாயிற்று. சிதைந்த பாம்பன் பாலத்தைப் பொறியாளர் இ. சிறீதரன் தலைமையிலான குழு 46 நாட்களில் செப்பனிட்டது. தனுஷ்கோடிக்கோ பாதை மீளவில்லை. அவ்வூர் மக்கள் வாழத் தகுதியற்றதென அறிவிக்கப்பட்டது.

அப்புயலோடு பயணம் முற்றுப்பெற்றதென எண்ணுவோர் பலர். உண்மை வேறு. கப்பல் துறை இராமேசுவரத்துக்கு மாறியது. ‘இராமானுஜம்’ என்னும் கப்பல் அங்கிருந்து தலைமன்னாருக்கு ஓடிற்று. ஒப்பந்தப்படி தாயகம் திரும்பியோர் பல்லாயிரவர் வந்திறங்கியது இவ்வழியேதான். இரயிலைக் ‘கோச்சி’ என்று வழங்கும் மலையக மக்கள், இவர்களை ஏற்றிச் சென்ற வண்டிக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயரிட்டனர். வழியனுப்ப வந்தோரும் வண்டியில் ஏறியோரும் ஒருசேரக் கதறியதால் வந்த பெயர் அது. முன்பு உறவைப் பேணிய அதே பாதை இப்போது உறவைப் பிரித்தது. முன்பு போய்வருவதற்கான சீட்டு. இப்போது போவதற்கு மட்டும். திரும்பியோர் மண்டபம் முகாமில் தங்கி, நீலகிரித் தேயிலைத் தோட்டங்கள் முதலாய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர்.

இத்தனைக்கும் பின்னர், விமானம் நாள்தோறும் பறந்துகொண்டிருந்த 1980களின் தொடக்கம் வரை இரயிலும் கப்பலும் இணைந்த வழி உயிரோடிருந்தது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். 1983 ஆடிக் கலவரத்தை அடுத்து மூண்ட போர்ச் சூழலில் கப்பல் நின்றது. 1990இல் தலைமன்னார் இரயிலும் நின்றது. கடலைக் கடக்கும் தேவை மட்டும் நிற்கவில்லை. அகதிகள் மீன்பிடி படகுகளில் தனுஷ்கோடி மணல் திட்டுகளிலும் இராமேசுவரக் கரையிலும் வந்திறங்கினர். அன்று புறப்படுவோரைச் சோதித்த மண்டபம் முகாம், அடைக்கலம் தேடி வந்தோரின் முகாமாயிற்று. விமானச் சீட்டு வாங்க இயன்றவர் வானில் சென்றார். இயலாதவர்க்குப் படகே எஞ்சியது.

போருக்குப் பின்

போர் 2009இல் முடிந்தபின் அறுந்த இழைகள் ஒவ்வொன்றாகத் தொடுக்கப்பட்டன. 2011இல் தூத்துக்குடி–கொழும்புக் கப்பல் மீண்டும் தொடங்கி, சில திங்களில் நின்றுபோனது. தலைமன்னார் இரயில் 2015ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் நாள் மீண்டது. பலாலியிலிருந்து சென்னைக்கு 2019இல் விமானம் பறந்தது. பெருந்தொற்றால் 2020இல் நின்று, 2022 திசம்பரில் மீண்டும் எழுந்தது. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் விடப்பட்டது. சில நாட்களில் நின்ற அது 2024 ஆகஸ்டில் மறுபடியும் ஓடலாயிற்று. காங்கேசன்துறைக்கு இரயில் முன்னரே வந்துவிட்டமையால், நாகை வரை இரயில், பின் கப்பல், பின் மீண்டும் இரயில் எனப் பழைய போட் மெயிலின் வடிவம் வேறொரு துறையில் திரும்பியது. 2025 ஏப்ரல் 6ஆம் நாள் பாம்பனில் புதிய பாலமும் திறக்கப்பட்டது.

இவ்வரலாறு காட்டும் உண்மை ஒன்றுண்டு. குறும்பயணத்துக்கு இரயிலா, விமானமா என்பதை மணிக்கணக்கை மட்டும் கொண்டு தீர்க்க இயலாது. சீட்டின் விலை, கொண்டுசெல்லும் சுமை, கையிலுள்ள காகிதம், திரும்பிவரும் உரிமை ஆகியவையும் அதனுள் அடங்கும். விமானம் ஒன்றே வழியாகும்போது செலவு தாங்க இயலாதோர் பயணிகள் பட்டியலிலிருந்தே நீங்கிவிடுகின்றனர். அவர்கள் நீங்கியது எவர் கண்ணிலும் படுவதில்லை; வானூர்தியில் காலி இருக்கையாக அவர்கள் தோன்றுவதில்லை அல்லவா?

இராமேசுவரப் பாதை 2007இல் ஐந்தரை அடி அகலப் பாதையாயிற்று. பாதைகளின் அளவு வேறாயிருந்த நாளில் இராமேசுவரத் தீவையும் தலைமன்னாரையும் ஒரு கப்பல் இணைத்திருந்தது. இன்று இரு கரைகளிலும் தண்டவாளம் ஒரே அளவினது. எழும்பூரிலிருந்து இராமேசுவரம் செல்லும் வண்டியை மக்கள் இன்னும் ‘போட் மெயில்’ என்றே அழைக்கின்றனர். அப்பெயரில் உள்ள கப்பலைத்தான் அவ்வழியில் காணோம்.