ஓரிடத்தானும் இலங்கைக் கல்லும்

பெட்ரோமாக்ஸ் விளக்கு எரிந்த காலத்தை நம் குடும்பத்துப் பெரியோர் மறந்திரார். திருவிழாவிலும் திருமணத்திலும் வெண்ணிறமாய்ச் சுடர்ந்த அந்த மேண்டிலில் இருந்தது தோரியம் என்னும் தனிமத்தின் ஆக்சைடு. அத்தோரியத்தைத் தரும் மோனசைட்டு மணல் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் உண்டென 1909இல் ஜெர்மானிய வேதியியலார் ஷோம்பெர்க் கண்டறிந்தார். திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலே அவருக்கு வழிகாட்டியது என்பர். (1949 முதல் 1956 வரை நல்லேப்பிள்ளி அடங்கிய நம் சித்தூர் வட்டமும் அந்த மணவாளக்குறிச்சியும் திருவிதாங்கூர்-கொச்சி என்னும் ஒரே இராச்சியத்தில் இருந்தன. பின்னர் அவ்வூர் சென்னை இராச்சியத்துக்குச் சென்றது. நாம் கேரளத்தில் அமைந்தோம்.)

ஆயினும் அணுவின் வரலாற்றில், தோரியத்தால் வந்த பெருஞ்சிறப்பு கடலுக்கு அப்பாலுள்ள இலங்கைக்கே உரியது. ஒரு தனிமத்தின் அணுக்கள் யாவும் ஒரே எடையுடையன என்று ஜான் டால்டன் 1808இல் எழுதியதை, ஏறத்தாழ நூறாண்டுக் காலம் அறிஞர் உலகம் ஏற்றிருந்தது. அக்கொள்கையை அசைத்த சான்றுகளுள் இரண்டு, இலங்கைக் கற்களிலிருந்து கிடைத்தவை.

முதற்கல்லைக் கண்டவர் ஆனந்த குமாரசுவாமி. யாழ்ப்பாணத் தமிழ்க்குடியில் வந்த சர் முத்துக் குமாரசுவாமிக்கும் ஆங்கிலேய அன்னைக்கும் 1877இல் கொழும்பில் பிறந்தவர் அவர். நடராசர் திருவுருவத்தின் பொருளை மேல்நாட்டார்க்கு உணர்த்திய கலைமேதை என்று மட்டுமே நம்மவர் அவரை அறிவர். அவர் முதலில் கல்லையும் மண்ணையும் ஆய்ந்தவர் என்பதைப் பேசுவார் இல்லாதது நமக்குக் குறையே. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிம ஆய்வுத் துறைக்கு அவர் தலைவராக இருந்தார். 1904இல் அவர் கண்ட கனத்த கருங்கனிமத்தை முதலில் யுரேனியக் கனிமம் என்றே கருதினர். லண்டனில் டன்ஸ்டன் பகுத்துப் பார்த்தபோது நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் தோரிய ஆக்சைடாக இருக்கவே, தோரியனைட்டு எனப் பெயர் வழங்கினார்.

அதே லண்டனில் ராம்சேயிடம் பயில வந்திருந்த இளைஞர் ஆட்டோ ஹான், இக்கல்லினின்று எடுத்த சரக்கில் ரேடியம் தேடினார். 1905இல் அவருக்குக் கிட்டியதோ ரேடியோதோரியம் என்னும் புதுப்பொருள். தோரியத்தோடு கலந்தபின் அதனை எந்த வேதியியல் முறையாலும் பிரிக்க இயலவில்லை. பிரிக்க முயன்ற வல்லுநர் பலரும் தோற்றனர். ஆனால் அத்தோல்வியே பெரியதோர் உண்மைக்கு வாயிலாயிற்று. பிரிக்க முடியாதவை இரண்டும் ஒரே தனிமமாயின் என்ன என்று வினவியவர் கிளாஸ்கோ நகரின் பிரடெரிக் சாடி. 1913இல் அவர் இத்தகையவற்றுக்கு ஐசோடோப்பு என்னும் பெயரை வழங்கினார்; தனிம அட்டவணையில் ‘ஒரே இடம்’ பெற்றவை என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். சொல்லை எடுத்துக் கொடுத்தவர் மார்கரெட் டாட் என்னும் மருத்துவ அம்மையார். தமிழில் ‘ஓரிடத்தான்’ என்பதும், இலங்கைப் பாடநூல்கள் வழங்கும் ‘சமதானி’ என்பதும் அதன் நேர்பெயர்ப்புகளே.

பெயர் சூட்டினால் போதுமா? எடை போட்டுக் காட்ட வேண்டாமா? தோரியம் சிதைந்து சிதைந்து ஈற்றில் ஈயமாகும் என்றும், அவ்வீயம் கடையில் வாங்கும் ஈயத்தினும் கனமானதாதல் வேண்டும் என்றும் சாடி கணித்தார். அதனைச் சோதிக்க அவர் நாடியது இலங்கையின் மற்றொரு கனிமமாகிய தோரைட்டை. சாதாரண ஈயத்தின் அணுஎடை 207.2, இலங்கைத் தோரைட்டின் ஈயமோ 207.7ஐத் தாண்டியது. யுரேனியக் கனிமங்களின் ஈயம் 207க்கும் கீழே இறங்கிற்று. நிறத்தாலும் உருகும் தன்மையாலும் சேர்மங்களாலும் வேறுபாடு காணவொண்ணாத ஒரே ஈயம், பிறந்த கல்லுக்கேற்ப வெவ்வேறு எடை காட்டிற்று. 1921ஆம் ஆண்டுக்குரிய வேதியியல் நோபல் பரிசு சாடியை அடைந்தது.

காரணம் முழுதும் விளங்கியது 1932இல், சாட்விக் நியூட்ரானைக் கண்டபின்னரே. அணுவின் கருவிலுள்ள புரோட்டான்களின் தொகையே தனிமம் இன்னதென வகுக்கிறது. ஈயத்துக்கு அது 82, தோரியத்துக்கு 90. உடனிருக்கும் நியூட்ரான்கள் மின்னேற்றம் அற்றவை; எடையைக் கூட்டுமேயன்றி வேதியியல் குணத்தை மாற்றுவதில்லை. தோரியத்தில் அவை 142, ஹானின் ரேடியோதோரியத்தில் 138. பின்னது இரண்டாண்டுக்குள் பாதியாகிவிடும். மணவாளக்குறிச்சி மணலில் உள்ள தோரியமும் இலங்கைக் கல்லின் வழியே 208 எடையுள்ள ஈயமாக மாறிவருகின்றது. அதில் பாதி மாறி முடிய 1,400 கோடி ஆண்டுகள் ஆகும்.